பானெட்டுக்கு உள்ளே: வாட்டர் வாஷா, ஸ்டீமா, கையால் துடைப்பதா?

"சார், இன்ஜினுக்கும் அடிச்சிடலாமா?" வாட்டர் வாஷ் கடையில் காரை விட்டால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பையன் கையில் கன் தயாராக இருக்கும், பின்னால் நாலு வண்டி காத்திருக்கும். நாமும் யோசிக்காமல் "சரி, அடிங்க" என்று சொல்லிவிடுவோம். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்களே" என்பார். மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பானெட்டுக்கு உள்ளே சுத்தம் செய்ய நம் ஊரில் நடைமுறையில் இருப்பவை நாலு வழிகள்: பிரஷர் தண்ணீர், டீசல் அல்லது மண்ணெண்ணெய், ஸ்டீம், கையால் துடைப்பது. தொடாமலே விட்டுவிடுவதையும் சேர்த்தால் ஐந்து. என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு உபயோகத்துக்கு ஓடும் சாதாரணக் காருக்குக் கையால் துடைப்பதுதான் சரி. இன்ஜினைச் சுத்தம் செய்வதால் கிடைக்கிற பெரிய லாபமே எங்கே ஒழுகுகிறது, எந்த ஹோஸ் வெடிக்கப் போகிறது, எலி வந்து போகிறதா என்று கண்ணுக்குத் தெரிவதுதான். துடைக்கிற ஆளே உற்றுப் பார்த்தால்தான் அந்த லாபம் கைக்கு வரும். கன் பிடித்த பையன் அதையெல்லாம் பார்க்க மாட்டான். பார்ப்பது அவன் வேலையும் இல்லை.

தொடாமலே விட்டால் என்ன ஆகும்? வெறும் தூசியால் இன்ஜின் கெட்டுப்போகாது. ஐந்து வருடம் தூசி படிந்து கிடந்தாலும் வண்டி ஓடும். பிரச்சினை ஆயிலும் தூசியும் சேரும்போதுதான். இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பேக்கிங் லேசாகக் கசிய ஆரம்பித்திருக்கும். அதன் மேல் தூசி ஒட்டி, கறுப்புக் களிம்பாகி, சூட்டில் காய்ந்து இறுகும். அதற்கப்புறம் புதுக் கசிவு எது, பழசு எது என்று மெக்கானிக்குக்கே தெரியாது.

இன்னொன்று, வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்துகிறவர்களுக்கு. வைப்பர் பக்கத்தில் இருக்கிற ஜாலி வழியாக அந்தப் பொடி இலைகள் உள்ளே விழுந்து, மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல், ஏசி புளோயர் வழியாக முன்சீட்டுக் கார்ப்பெட்டில் வந்து நிற்கும். பானெட்டைத் திறந்து ஒரு கை இலையை அள்ளிப் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம்.

கடலோர ஊர்களில் தொடாமல் விடுவது இன்னும் மோசம். ஈ.சி.ஆர். பக்கமோ தூத்துக்குடி, நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூப்பதையும், போல்ட் தலைகள் துரு ஏறுவதையும் பார்த்திருப்பார்கள். உப்புக் காற்றின் வேலை அது. அங்கே உப்பை அவ்வப்போது ஈரத்துணியால் எடுத்தே ஆக வேண்டும்.

பிரஷர் வாஷ்

சீக்கிரம் முடியும், சில நூறு ரூபாயில் முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும். இந்த மூன்றும் உண்மை. சிக்கல் தண்ணீரில் இல்லை, அது வருகிற வேகத்தில் இருக்கிறது. மழையில் ஓடுகிற வண்டிதானே என்று கேட்பார்கள். மழை மேலிருந்தும் டயரிலிருந்தும் தெறிக்கிறது. நூறு பார் அழுத்தத்தில் அரையடி தூரத்திலிருந்து பக்கவாட்டில் வருவது மழை கிடையாது.

ஒயரிங் கனெக்டர்களுக்குள் ரப்பர் சீல் இருக்கும். வண்டி புதுசாக இருக்கும்வரை அது தாங்கும். எட்டு, பத்து வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த சீல் இறுகிப்போயிருக்கும். போதாததற்கு, எப்போதோ ஒரு மெக்கானிக் இழுத்ததில் கனெக்டரின் பிளாஸ்டிக் லாக் உடைந்திருக்கும். தண்ணீர் உள்ளே போனால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. பின்கள் மெதுவாகப் பச்சை பிடித்து, மூன்று மாதம் கழித்து செக் இன்ஜின் லைட் எரியும். அப்போது யாருக்கும் வாட்டர் வாஷ் ஞாபகம் வராது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். உள்ளே சூடு தணிய அதன் உடம்பெல்லாம் ஓட்டை வைத்திருப்பார்கள். கன்னை நேராகக் காட்டினால் அழுக்குத் தண்ணீர் பேரிங் வரை போகும். சில வாரத்தில் உய்யென்று ஒரு சத்தம் ஆரம்பிக்கும்.

நம் ஊரில் அதிகம் நடப்பது ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் தேங்குவது. மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் மாதிரி, ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் தனித்தனிக் காயில் வைத்த வண்டிகளில் பிளக் ஓர் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். காயிலின் ரப்பர்தான் அந்தக் குழிக்கு மூடி. ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் இறங்கிக் குழியிலேயே நின்றுவிடும். மறுநாள் காலையில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், இழுக்காது, ஐடிலில் நடுங்கும். காயிலைக் கழற்றிப் பார்த்தால் ரப்பரில் வெள்ளைக் கோடும், பிளக் தலையைச் சுற்றித் துரு வளையமும் தெரியும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு பிளக்கைக் கழற்றக் கூடாது. முதலில் குழிக்குள் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழியில் நிற்கிற தண்ணீரும் மணலும் நேராக சிலிண்டருக்குள் விழும்.

ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் சொல்லாமல் விட முடியாது. அவற்றின் அலுமினியத் தகடுகள் காகிதம் போல மெல்லிசு. கிட்டத்திலிருந்து அடித்தால் வரிசையாக மடங்கிப் படுத்துக்கொள்ளும், காற்று போக வழி குறையும். சித்திரை வெயிலில் ஏசி ஏன் கூலிங் ஆகவில்லை என்று கேஸ் நிரப்பிக்கொண்டிருப்போம்.

சரி, எப்போதுதான் தண்ணீர் காட்டலாம்? களிமண் வழியில் போய் உள்ளே சேறு அப்பிவிட்டது, ஆயில் சீல் போய் எல்லாம் நனைந்துவிட்டது என்றால் காட்டத்தான் வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்ட வேண்டும். கன்னைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் ஊற்ற வேண்டும். முடிந்ததும் காற்றடித்து உலர்த்தி, கவர்களை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட வேண்டும். இவ்வளவையும் வாட்டர் வாஷ் கடையில் செய்யச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

டீசலும் மண்ணெண்ணெயும்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. கழற்றி வைத்த இரும்புப் பாகத்தைத் தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவுவது காலங்காலமாக நடப்பது, அதில் தப்பில்லை. வண்டியில் பொருத்தியிருக்கிற இன்ஜின் மேல் டீசலை ஸ்ப்ரே செய்வது வேறு விஷயம். கூலன்ட் ஹோஸ்களும் இன்றைய பெல்ட்டுகளும் பெரும்பாலும் செய்யப்படுகிற ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. ரப்பர் ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். பெல்ட் வழுக்கும். மேலே படிந்த மெல்லிய டீசல் படலம் அடுத்த வாரமே முன்னைவிட இரண்டு பங்கு தூசியை இழுத்துக்கொள்ளும். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் புகையும், ஏசி போட்டால் வாடை உள்ளே வரும். "டீசல் போட்டா ஷைனிங் நிக்கும் சார்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டீம்

கார் டீட்டெய்லிங் கடைகள் பெருகிய பிறகு இது பரவலாகிவிட்டது. தண்ணீர் மிகக் குறைவு, சூடு அதிகம். பல வருடமாக இறுகிய கிரீஸும் ஆயில் களிம்பும் இந்தச் சூட்டில் இளகி வருவது மாதிரி வேறு எதிலும் வராது. வேலை தெரிந்த ஆள் ஒரு கையில் ஸ்டீம் கன், மறு கையில் துணி என்று அடிக்க அடிக்கத் துடைத்துக்கொண்டே போவார். துணி கையில் இல்லாமல் வெறுமனே ஊதிக்கொண்டே போகிறார் என்றால் அழுக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குடிபெயர்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஆவி புகாத இடம் கிடையாது. கனெக்டருக்குள் புகுந்து, ஆறியதும் சொட்டுத் தண்ணீராகிவிடும். ஆகையால் தண்ணீருக்கு மூடிய இடங்களை இதற்கும் மூட வேண்டும், முடித்ததும் காற்றடிக்க வேண்டும். பானெட்டின் உட்பக்கத்திலும், ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் முன் கிராஸ் மெம்பரிலும் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கர்கள் சூட்டில் உரிந்து வந்துவிடும். பெல்ட் எப்படிச் சுற்றிப் போகிறது, ஏசி கேஸ் எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில்தான் அச்சிட்டிருக்கும். பழைய வண்டியாக இருந்தால் அந்த ஸ்டிக்கர் திரும்பக் கிடைக்காது.

வாட்டர் வாஷைவிடக் காசு அதிகம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வருட வண்டி, உள்ளே ஒரே கறுப்பு, கை வைத்தால் வழவழ என்கிற நிலைமையென்றால் ஒரே ஒருமுறை ஸ்டீம் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கையால் தொடர்வது நல்ல வழி. வருடா வருடம் கொடுக்கத் தேவையில்லை.

கையால்

முதல் தடவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கப்புறம் மாதம் இருபது நிமிடம் போதும். ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஸ்ப்ரே பாட்டில், ஒரு டார்ச். பெயிண்ட் பிரஷின் தகர வளையத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பேட்டரி டெர்மினல் பக்கத்தில் வெறும் தகரத்தோடு விளையாடக் கூடாது, பெயிண்டிலும் கீறல் விழாது. கிளீனருக்கு ஆல் பர்ப்பஸ் கிளீனரை பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது கார் ஷாம்பு கலந்த தண்ணீரே போதும். அலாய் வீலுக்கு விற்கும் ஆசிட் கிளீனரை உள்ளே கொண்டு போகாதீர்கள், அலுமினியம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும்.

முதலில் உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். ஈரம் அப்புறம்தான், தூசி மேல் ஈரம் பட்டால் சேறு. கிளீனரை இன்ஜின் மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர்கள், வாஷர் டேங்க், ஃபியூஸ் பாக்ஸ் மூடி என்று சுலபமானவற்றை முடித்துவிட்டு மெட்டலுக்குப் போகலாம். டேப்பட் கவர் ஓரத்தில் டூத் பிரஷை ஓட்டும்போதுதான் கவனிக்க வேண்டியது ஆரம்பிக்கிறது. காய்ந்த பழுப்புக் கறை என்றால் பழைய கசிவு. துடைத்த இடத்திலேயே பத்து நாள் கழித்து ஈரமாக, தேன் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் பேக்கிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹோஸ் கிளிப் பக்கம் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி இருந்தால் கூலன்ட் சொட்டிக் காய்ந்திருக்கிறது. ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். ரப்பருக்குள் மொறுமொறுவென்று உடைகிற மாதிரி இருந்தால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

பேட்டரி டெர்மினலில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். உலர்த்தி மாட்டிய பிறகு மேலே லேசாக வாஸ்லின். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

இதே நேரத்தில் எலிப் புழுக்கையும் கண்ணில் படும். பானெட்டின் அடிப் பஞ்சு கடிபட்டிருக்கும், பேட்டரி தட்டில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு கிடக்கும். புகையிலை கட்டுவது, நாப்தலின் உருண்டை போடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எலிக்கு அது பழகிப்போவதும் உண்டு. சுத்தமாக இருக்கிற பானெட்டுக்குள்ளும் எலி வரும். வந்தது அந்த வாரமே தெரிந்துவிடும், ஒயர் போவதற்கு முன்னால் ஏதாவது செய்யலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கைவேலைக்குக் குறையும் உண்டு. இன்ஜினின் பின்பக்கம், அடிப்பக்கம் கை எட்டாது. கட்டியான களிம்பு பிரஷுக்கு அசையாது. அதற்குத்தான் மேலே சொன்ன ஒருமுறை ஸ்டீம். அப்புறம், இன்ஜின் ஓடும்போது துடைக்கவே கூடாது. வேட்டி முனையோ துப்பட்டாவோ பெல்ட்டில் மாட்டினால் கதையே வேறு. இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், ஆறும்வரை கையை விடாதீர்கள்.

எந்த வண்டிக்கு எது

அம்பாசடர், பத்மினி, கார்பரேட்டர் காலத்து மாருதி 800 மாதிரியான வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் பயம் குறைவு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும். இந்த வண்டிகளுக்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டினாலும் ஊர் போய்ச் சேரலாம். கேட்டால் பழைய மெக்கானிக்குகள் "நாங்க எத்தனை வண்டிக்கு அடிச்சிருக்கோம்" என்பார்கள். உண்மைதான், அந்த வண்டிகளுக்கு.

டீசல் கார்களில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் தைரியமாக அடிப்பார்கள். இன்றைய டீசலில் இன்ஜெக்டர், பிரஷர் சென்சார், டர்போ என்று கனெக்டர் இல்லாத இடமே கிடையாது. ஆகவே சலுகை ஒன்றும் இல்லை. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடும். அவை உயர் மின்னழுத்தக் கேபிள்கள். அங்கே தண்ணீரும் வேண்டாம், ஸ்டீமும் வேண்டாம். பிளாஸ்டிக் மூடிகளை ஈரம் பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

காட்டுவதற்கென்றே சுத்தம் செய்கிறவர்கள்

சுத்தம் செய்த பிறகு பிளாஸ்டிக், ரப்பர் மேல் டிரெஸ்ஸிங் என்கிற மினுக்குப் பூச்சு போடுவார்கள். சிலிக்கான் எண்ணெய் ரகம் அன்றைக்கு ஈரம் சொட்டுகிற மாதிரி மின்னும், நாலாம் நாள் தூசியோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அடிப்படையிலான ரகம் மங்கலான கறுப்புதான் தரும், கடையிலிருந்து வந்த புது வண்டி மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். எது போட்டாலும் துணியில் எடுத்துப் பூச வேண்டும், பெல்ட்டில் படக் கூடாது.

கண்காட்சிக்குப் போகிற பழைய கார்க்காரர்களின் உலகம் வேறு. சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பானெட் என்று தனியாகக் கிடையாது. மட்கார்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும், இன்ஜின் மட்டுமில்லாமல் முன் சக்கரமும் சஸ்பென்ஷனும் வெட்டவெளிக்கு வந்துவிடும். அதைத் திறந்து வைத்தால் கூட்டம் சேராமல் இருக்காது. அங்கே மதிப்பு அசலுக்குத்தான். இன்ஜின் பிளாக்குக்கு அந்தக் கம்பெனி அடித்த அதே நிறம், அந்தக் காலத்து ஹோஸ் கிளிப், துணி சுற்றிய ஒயர். டேப்பட் கவருக்குக் குரோம் பூசினால் வேடிக்கை பார்க்க வந்தவர் கைதட்டுவார், விஷயம் தெரிந்தவர் நகர்ந்துவிடுவார். கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்குப் போனால், பானெட் திறந்திருக்கும் வண்டிகளின் முன் நிதானமாக நின்று பாருங்கள்.

புது வண்டிக்காரர்கள் கவருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள், சிலர் பெட்டிக்குள் அடைக்காத ஓபன் ஏர் ஃபில்டர் மாட்டுவார்கள். பெயிண்டால் தொல்லையில்லை. ஓபன் ஃபில்டர் பல நேரம் இன்ஜின் சூட்டுக் காற்றையே உறிஞ்சும், சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. இன்ஜினையே மாற்றும் அளவுக்குப் போகிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போவது நல்லது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

விற்பதற்கு முன்னால் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் அதிகம். தூசியைத் துடைத்து வையுங்கள், டிரெஸ்ஸிங் போடாதீர்கள். பன்னிரண்டு வருட வண்டியின் இன்ஜின் பளபளவென்று மின்னினால், விவரமான ஆள் எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். வாங்குகிறவராக இருந்தால் நீங்களும் அப்படியே யோசியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கழுவி, மினுக்கி வெளியூர்ச் சந்தைக்குப் போக எந்தத் தடையும் கிடையாது. மேலே தெரிகிற இடத்தையெல்லாம் கழுவிவிடலாம். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் பின்பக்கம், ஃபியூஸ் பாக்ஸின் அடி, ஒயரிங் மேல் சுற்றிய டேப்பின் மடிப்பு, ஹெட்லைட்டின் உள்மூலை ஆகிய இடங்களில் வண்டல் தங்கிவிடும். டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவுங்கள். மாவு மாதிரி மெல்லிய மண் ஒட்டி வந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.